கிடக்கும் துப்பாக்கியைப் பார்த்தவன் யாரிடம் சொல்வது? மலையோரக் காவல், வன அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையோர மாவட்டங்களின் காவல் கண்காணிப்பாளர்களுக்கும், அந்தந்த ஸ்டேஷன் ஆய்வாளர்களுக்கும், வனச்சரக அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் நிலக்கடலையும் மரவள்ளியும் போடுகிற சிறு விவசாயி. என் நிலத்தின் கடைசி வரப்பைத் தாண்டினால் காப்புக்காடு. எந்த மாவட்டம், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஸ்டேஷனைச் சொல்கிறான் என்று தேடுவதிலேயே பேச்சு திரும்பிவிடும். எனக்கு யார் மேலும் நடவடிக்கை வேண்டாம், வேறு ஒன்று வேண்டும், அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஏழாவது படிக்கிற என் மகள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, ஏரி மதகுகிட்ட ஒரு துப்பாக்கி கிடக்குது" என்றாள். சாயங்காலம் ஆடு ஓட்டிவரப் போன மூன்று பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். "யாரும் தொடலப்பா" என்று அவளாகவே சொன்னாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். உண்மைதான். மதகுக் கல்லுக்கும் கருவேல முள்ளுக்கும் நடுவில், பாதி உரச்சாக்கில் சுற்றியபடி, குழல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நாட்டுத் துப்பாக்கி. கட்டையில் கயிறு சுற்றியிருந்தது. துருப்பிடித்துக் கிடக்கிற பழசு இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்து யாரோ பயன்படுத்துகிற துப்பாக்கி.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த இடத்தில் சிக்னலும் கிடைக்கும். நூறு என்று அடித்திருந்தால் போதும். நான் அடிக்கவில்லை. கால் மணி நேரம் அங்கேயே நின்றேன், அப்புறம் வேலிமுள்ளை வெட்டி அதன் மேல் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தபோது முள் ஒரு ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது, துப்பாக்கி இல்லை.

வைத்தவனே எடுத்துப் போனானா, அந்த வழியாக வந்த வேறு யாராவது எடுத்தார்களா, மூன்று பிள்ளைகள் பார்த்ததை நான்காவது பிள்ளை கேட்டுவிட்டுப் போய் எடுத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டுப் பக்கம் எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் அது தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்த வெடியாக இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அன்றைக்கு நான் செய்தது தப்பு. அந்தத் தப்பை ஏன் செய்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் என் சித்தப்பா ஒரு துப்பாக்கியைக் கண்டெடுத்தார். பாறை இடுக்கில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அதைத் துண்டில் சுற்றி டி.வி.எஸ். ஃபிப்டியில் முன்னால் வைத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய் ஸ்டேஷனில் கொடுத்தார். அன்றைக்குப் போனவர் மறுநாள் ராத்திரிதான் திரும்பி வந்தார். அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் "யாருடையது சொல், உனக்குத் தெரியாமல் இருக்காது, உன் துப்பாக்கியையே கொண்டுவந்து கதை விடுகிறாயா" என்று ஒவ்வொருவராக மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். ரேகை எடுத்தார்கள். அப்புறம் வெள்ளைத்தாளில் கையெழுத்து என்று கைநாட்டு. அப்புறம் கோர்ட்டுக்கு என்று நாலு தடவை அலைந்தார், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போய், ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து. ஊரில் சின்னப் பையன்கள் அவருக்குத் துப்பாக்கித் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சாகிறவரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை.

மதகில் டார்ச்சோடு நின்றபோது என் கண் முன்னால் நின்றது அவர்தான்.

சித்தப்பா ஒரு தப்பு செய்தார், அது அவருக்கே தெரியாது. துப்பாக்கியை எடுத்தது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன், எங்கள் ஜனங்களுக்கும் அதைத்தான் இப்போது போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் கிடைக்கிற துப்பாக்கி சினிமாவில் காட்டுகிற மாதிரி குண்டுப் பெட்டியைக் கழற்றி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூடியது இல்லை. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிறது. முதலில் கரிமருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரோ துணியோ அடைத்து, ஈயக் குண்டையோ சைக்கிள் பால்ரஸ்ஸையோ போட்டு, மறுபடி அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்கி வைப்பார்கள். அதற்கப்புறம் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மருந்து இருக்கிறதா, வெறும் குழலா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. காட்டுப்பன்றிக்கு என்று ராத்திரி கெட்டித்து வைத்து, பன்றி வராமல் போனால் அப்படியே சாக்கில் சுற்றி ஒளித்து வைத்துவிடுவார்கள். கெட்டித்ததை வெளியே எடுப்பதும் ஆபத்து. அதனால் கிடக்கிற துப்பாக்கி என்றால் கெட்டித்த துப்பாக்கி என்றுதான் நினைக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை.

மழையில் நனைந்ததுதானே, பத்து வருடம் பரணில் கிடந்ததுதானே, மருந்து செத்திருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கரிமருந்து நனைந்தால் எரியாது, காய்ந்தால் மறுபடி எரியக்கூடும். இறுக்கி அடைத்து வைத்தால் அதற்கு வயசே ஆகாது. அமெரிக்காவில் 1860-களின் உள்நாட்டுப் போரில் சுட்டு வெடிக்காமல் போன பீரங்கிக் குண்டு ஒன்று, 2008-இல், அந்த மாதிரிக் குண்டுகளைச் சேகரித்துச் சுத்தம் செய்து பழகிய ஒருவருடைய வீட்டு வாசலில் வெடித்து அவர் இறந்தே போனார். உள்ளே இருந்தது இதே கரிமருந்துதான், நூற்று நாற்பது வருடம் காத்திருந்திருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு சித்தப்பாவின் டி.வி.எஸ். ஃபிப்டிதான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் மண் ரோட்டில், ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போட, குழல் வாய் அவர் நெஞ்சுக்கு நேராகவோ எதிரில் வருகிறவருக்கு நேராகவோ இருந்திருக்கும்.

அதனால் எங்கள் ஊரில் நான் சொல்வது இவ்வளவுதான், இதில் ஏதாவது தவறு இருந்தால் நீங்கள் திருத்துங்கள். பார்த்தால் தொடாதே, காலால் தள்ளாதே, குச்சியால் நிமிண்டாதே, அதன் வாய்க்கு எதிரே நிற்காதே. பிள்ளைகளையும் ஆடுமாடு, நாயையும் அங்கிருந்து விலக்கு. தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதே, வீட்டுக்கும் கொண்டுவராதே. கிணற்றில் போடாதே, புதைக்காதே, கோடையில் கிணறு வற்றினால் அதே துப்பாக்கி உன் பேரன் கையில் இருக்கும். பெரியவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்க, இன்னொருவர் 100-க்கோ 112-க்கோ போன் செய்ய வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடமோ வனக் காவலரிடமோ நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இடத்துக்கு அடையாளம் சொல்ல எட்ட நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை ஊர் வாட்ஸப் குரூப்பில் போடக் கூடாது. போட்டால் போலீஸ் வருவதற்குள் பாதி ஊர் அங்கே கூடிவிடும், உடையவனும் வந்துவிடுவான்.

காட்டுத் தடத்தில் துப்பாக்கி மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்து, அதிலிருந்து கம்பியோ கயிறோ பாதைக்குக் குறுக்கே ஓடினால் அது கிடக்கிற துப்பாக்கி இல்லை, மிருகத்துக்கு வைத்த பொறி. இலங்கையில் இதற்கு கட்டுத்துவக்கு என்றே பெயர், தேன் எடுக்கவும் விறகுக்கும் போய் காலை இழந்தவர்கள் அங்கே உண்டு. கம்பியைத் தொடாமல், வந்த தடத்திலேயே பின்னால் திரும்ப வேண்டும், ஏனென்றால் இன்னொரு கம்பி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, இதையெல்லாம் நாங்கள் செய்கிறோம். போன் அடித்து முடித்த அந்த நிமிடத்திலிருந்து எங்களை என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

சட்டத்தை ஒரு வக்கீல் நண்பரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி ஒரு குற்றம் நடந்திருப்பது தெரிந்தவர், தகுந்த காரணம் இல்லாவிட்டால், பக்கத்து ஸ்டேஷனுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. தகுந்த காரணம் இருந்தது என்று காட்டுகிற பொறுப்பும் சொல்லாமல் விட்டவன் தலையில்தான். அதாவது மதகில் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு வந்ததே சட்டப்படி சரியில்லை. இன்னொரு பக்கம், உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம். சொல்லாவிட்டாலும் சிக்கல், எடுத்துக்கொண்டு போனாலும் சிக்கல்.

கையில் இருப்பது என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. தன்னிடம் அந்த ஆயுதம் இருக்கிறது என்ற அறிவும், அதன் மேல் ஒரு பிடியும் இருந்தால்தான் அது வைத்திருப்பது. வழியில் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தொடாமல் தகவல் சொன்னவன் எந்தக் கணக்கிலும் அதை வைத்திருந்தவன் ஆக மாட்டான். இது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா ஒன்றரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பது. சட்டம் எங்களைக் காப்பாற்றுகிறது என்பதை நாங்கள் ஸ்டேஷன் வாசலில்தான் தெரிந்துகொள்ள முடியும், அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை.

இந்தப் பயம் எங்கள் ஒரு குடும்பத்துப் பயம் இல்லை. 1992 ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரம் தேடுகிறோம் என்று போலீஸ், வனத்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போய் என்ன செய்தார்கள் என்பது மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது, வீடுகளை உடைத்தது, கிணற்றை நாசம் செய்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள், மிச்சம் 215 பேருக்கும் 2011-இல்தான் தண்டனை வந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். முப்பத்தொரு வருடம். அப்புறம் வீரப்பனைத் தேடிய காலம், இரண்டு பக்கமும் இடி வாங்கிய காலம், அவன் 2004-இல் செத்த பிறகும் அந்தக் கதைகள் சாகவில்லை. இன்றைக்கு ஸ்டேஷனில் இருக்கிற எஸ்.ஐ. தம்பி அப்போது பிறந்துகூட இருக்க மாட்டார், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி காக்கி உடையை ஊருக்குள் கூப்பிடுகிற ஒரு போன் இந்தப் பக்கத்தில் எத்தனை கனமானது என்பதை அவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதே அரசாங்கம் இன்னொரு இடத்தில் இந்தப் பயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவரைத் தூக்கினால் போலீஸ் கேஸாகிவிடும் என்று ஜனங்கள் ஒதுங்கிப் போன காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2016-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே வந்தது. உதவியவரைப் பெயர் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அவராக விரும்பிச் சாட்சி சொன்னால், அவருக்கு வசதியான நேரத்தில், அவர் வீட்டிலேயோ வேலை இடத்திலேயோ விசாரிக்க வேண்டும், போகிற அதிகாரி காக்கி இல்லாமல் சாதாரண உடையில் போக வேண்டும். இவ்வளவும் விதியாகவே இருக்கிறது. உதவியவருக்கு ஐயாயிரம் ரூபாய் வெகுமதி என்று தமிழக அரசும் அறிவித்தது. இப்போது ஜனங்கள் தயங்காமல் 108-ஐக் கூப்பிடுகிறார்கள். கிடக்கிற துப்பாக்கியைப் பார்த்துச் சொல்கிறவரும் ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் சொல்கிறார், இன்னும் அடிபடாத உயிரை. அவருக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

சரணடைகிற துப்பாக்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், ஈரோடு, கள்ளக்குறிச்சி என்று மலையோர மாவட்டங்களில் அவ்வப்போது காவல்துறையும் வனத்துறையும் ஊர் ஊராக வந்து, உரிமம் இல்லாத துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள், வழக்குப் போட மாட்டோம் என்று சொல்வது உண்டு. நல்ல காரியம், அதனால் பல துப்பாக்கி வெளியே வந்திருக்கிறது. ஆனால் நேரில் கொடுக்கப் பயந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் மரத்தடியிலோ ஊர் எல்லையிலோ வைத்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் பரவாயில்லை, துப்பாக்கி வந்தால் சரி என்று சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். காலையில் கோயில் மரத்தடிக்கு முதலில் போவது யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பூ பறிக்கிற கிழவியும், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கோலி விளையாடப் போகிற பையன்களும்தான். துப்பாக்கியை ஜனங்களிடமிருந்து வாங்குகிற ஏற்பாடே, ஆள் இல்லாத துப்பாக்கியை ஊர் நடுவில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்க வைக்கிறது. இதை நிறுத்த வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம், பஞ்சாயத்து ஆபீஸ் வாசல், ஊர்க்கவுண்டர் கூட நிற்பார், துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த ஆயுதப்படைக் காவலர் ஒருவர் இருப்பார், பெயர் கேட்க மாட்டோம் என்று வைத்தால் போதும். வர முடியாதவர் இடத்தை மட்டும் சொல்லட்டும், நீங்கள் போய் எடுங்கள்.

ஏன் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதற்குள் நான் அதிகம் போகவில்லை. ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலையைப் பன்றி உழுதுவிட்டுப் போன நிலத்தின் நடுவில் விடியற்காலையில் நின்று பார்த்தவனுக்கு அது தெரியும். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் அதைக் கேட்டு வாங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025-இல் அரசு முடிவெடுத்தது, எங்களைப் போல் காட்டை ஒட்டியே இருக்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அது வேறு சண்டை, அதை வேறு இடத்தில் போடுகிறோம். பன்றிக்காக வைத்ததாகவே இருந்தாலும் மதகில் போட்டுவிட்டுப் போனவனை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

உரிமத்தோடு வைத்திருந்தவர்கள் வீட்டிலும் இதே கதை உண்டு. தாத்தா இறந்துவிடுவார், துப்பாக்கி பரணில் இருக்கும், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்துத் திரும்ப வாங்கிவந்தவர் அவர் ஒருவர்தான், பிள்ளைகளுக்கு அதன் காகிதம் எங்கே என்றே தெரியாது. வைத்திருப்பதற்கான உரிமை போய்விட்டால் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், அது 21-ஆம் பிரிவு. இறப்புச் சான்றிதழ் வாங்க வருகிற குடும்பத்திடம் வி.ஏ.ஓ. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி பரண் காலியாகிவிடும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. என் மகளும் கூடப் போனவர்களும் தொடவில்லை, எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இருக்காது. 2001-இல் அமெரிக்காவில் அட்லாண்டாவில் மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராக ஒரு அறையில் விட்டு, இழுப்பறைக்குள் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்துவிட்டு, வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். 48 பேர் கண்டுபிடித்தார்கள். அதில் 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை அழுத்தினார்கள். கண்டுபிடித்தவர்களில் பாதிப்பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே தெரியவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இதுதான்: கையில் எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று முன்னாலேயே யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பேச வேண்டும், கட்டாயம் பேச வேண்டும், ஆனால் பிள்ளையின் கட்டுப்பாட்டை நம்பி நாம் தூங்கக் கூடாது. பிள்ளை பார்த்துவந்து சொன்ன அரை மணி நேரத்துக்குள் பெரியவர்கள் தகவல் சொல்லி, அதைத் தெரிந்தவர்கள் வந்து அப்புறப்படுத்த வழி செய்ய வேண்டும். நான் அன்றைக்கு ஒரு ராத்திரி முழுக்க அதை அங்கேயே விட்டேன்.

துப்பாக்கி மட்டும்தான் என்றும் இல்லை. பன்றிக்கு என்று தீனிக்குள் வைக்கிற நாட்டு வெடியான அவுட்டுக்காயைத் தின்பண்டம் என்று மாடும் யானையும் கடித்து வாய் கிழிந்து செத்திருக்கின்றன. 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் ஆறு வயதுப் பையன், மீன் பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்து உயிர்விட்டான். 2018 ஜூனில் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் துப்பாக்கித் தோட்டாக்கள் வந்தன, ஆயிரக்கணக்கில், 1980-களில் ஈழ இயக்கங்கள் அங்கே இருந்த காலத்தில் புதைத்தவை என்று சொன்னார்கள். போலீசுக்குத் தகவல் போனது, எல்லாம் பத்திரமாக வெளியே வந்தது. அது மண்ணுக்குள் கிடக்க, அதன் பக்கத்திலேயே ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறது. தோண்டியவர் பயந்து மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

நான் உங்களிடம் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. சட்டம் மாற்றச் சொல்லவில்லை, உங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். கிடக்கிற ஆயுதத்தைத் தொடாமல் தகவல் சொன்னவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க மாட்டோம், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல மாட்டோம், இடத்தைக் காட்டியதும் அவர் வீட்டுக்குப் போகலாம், வாக்குமூலம் வேண்டுமானால் பகலில் அவர் வீட்டில் வாங்குவோம், பெண்ணாகவோ பிள்ளையாகவோ இருந்தால் பெண் காவலர்தான் பேசுவார், பேப்பருக்குப் பெயரும் போட்டோவும் கொடுக்க மாட்டோம் என்று அதில் இருக்க வேண்டும். அது மலையோர ஸ்டேஷன் ஒவ்வொன்றின் வாசலிலும், ரேஷன் கடைச் சுவரிலும் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். மகஜருக்கு, அதாவது ஆயுதத்தை எடுத்த இடத்தில் எழுதுகிற காகிதத்துக்கு, சாட்சி வேண்டும் என்று கண்டவரையே பிடித்து நிறுத்தாதீர்கள், கூட வருகிற வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்துப் போடட்டும். தெரியாமல் கையில் எடுத்து வந்துவிட்ட சித்தப்பா மாதிரி ஆளிடமும், முதலில் குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம் கேள்வி கேளுங்கள்.

வனத்துறை அய்யாக்களுக்குத் தனியாக ஒன்று. சிக்னல் இல்லாத ஊர்களில் எங்களுக்கு முதலில் கண்ணில் படுவது உங்கள் வாட்ச்சர்தான். அவரிடம் சொன்னாலே சொன்னதாகக் கணக்கு என்று இரண்டு துறையும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். இப்போது அவரிடம் சொன்னால் அது எங்கள் வேலை இல்லை, ஸ்டேஷனுக்குப் போ என்கிறார். இல்லையென்றால் வேட்டைக்கு வந்த ஆளா என்று எங்களையே பார்க்கிறார்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில், வாசலை ஒட்டி ஆறு அடிக்கு நான்கு அடி இடத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம். தொடாதே, விலகு, ஓடி வந்து பெரியவரிடம் சொல் என்று மேலே எழுதியாகிவிட்டது, என் மகள்தான் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டுக் கொடுத்தாள். அதற்குக் கீழே பெரியவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்கிற எண்ணுக்கும், கூப்பிட்டவரை எதுவும் செய்ய மாட்டோம் என்கிற உங்கள் ஒரு வரிக்கும் இடம் விட்டிருக்கிறோம். அனுப்பி வையுங்கள், அன்றைக்கே எழுதிவிடுகிறோம்.

இப்படிக்கு,
காப்புக்காட்டு ஓரத்து விவசாயி ஒருவன்